முட்டம் பாறைகளுக்குக் கண்ணாடிப் பாலம் வேண்டாம், கடைசி பஸ் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் கன்னியாகுமரிக்கு ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கியிருந்தீர்கள். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், அப்புறம் சங்கு மாலை விற்கும் கடைத்தெரு. எல்லாம் சரி. ஆனால் படித்து முடித்தபோது, இந்த மாவட்டத்துக்குக் கடல் ஒரு முனையில் மட்டும்தான் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை 70 கிலோமீட்டருக்கு மேல் கரை கிடக்கிறது. வருகிறவர்கள் அதில் அரை கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு ‘கன்னியாகுமரி பார்த்தாச்சு’ என்று ரயிலேறிப் போகிறார்கள்.

நான் நாகர்கோவிலில் தையல் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து சர்க்கரை ஏறிப்போய், டாக்டர் நடக்கச் சொன்னார். ஊருக்குள் நடந்தால் தெரிந்தவர்கள் நிறுத்தி, ஜாக்கெட் தைத்தாச்சா என்று கேட்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பெண்கள் அண்ணா பேருந்து நிலையத்தில் முட்டம் பஸ் ஏறிவிடுவோம். அப்படித்தான் இந்தக் கரை எனக்குப் பழக்கமானது. உங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்ட இடங்களைச் சொல்லவும், அவற்றுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்லவும்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். தையல்காரிக்கு வெட்டுவதில் வருத்தம் கிடையாது.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்கினால் பாறை தொடங்குகிறது. பழைய சினிமாப் பாட்டுகளில் பலரும் பார்த்திருப்பார்கள். பாட்டில் தெரியாத ஒன்று, அந்தப் பாறையைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாய்க் கோடு கோடாக ஓடி, சில இடத்தில் இஸ்திரி போடாத பட்டுப்புடவையை அள்ளிப் போட்டதுபோல மடிந்து மடிந்து கிடக்கும். நடுவே சிவப்புப் பொட்டுகள் தெரியும். அதுதான் கார்னெட் கல். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மாறிய பாறை இது. இங்குள்ள பாறைகள் அப்படி மாறியது 50 கோடி ஆண்டுக்கு மேல் முன்னால் என்கிறது புவியியல். அன்று நம் குமரியும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலத்துண்டாக ஒட்டிக்கிடந்தன. இதைச் சொல்ல அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது. பாறையில் எழுதியிருப்பதெல்லாம் பெயிண்டில் காதலர் பெயர்கள். அவர்கள் கல்யாணம் ஆகி நன்றாக இருக்கட்டும், பெயிண்ட் டப்பாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.

கலங்கரை விளக்கத்துக்குப் பின்பக்கம் செம்மண் மேடு. தேரிக்காடு என்றால் எல்லோரும் திருச்செந்தூர் பக்கத்தைத்தான் நினைப்பார்கள், முட்டத்திலும் அதே மாதிரிச் செம்மணல் உண்டு. மழைத்தண்ணீர் அறுத்து அறுத்துச் சின்னச் சின்னப் பள்ளத்தாக்காக ஆக்கியிருக்கிறது. சாயங்கால வெயிலில் அந்தச் சிவப்பும் கீழே கடலின் நீலமும் சேர்ந்து தெரிவதைப் பார்த்துவிட்டு, இந்த நிறத்தில் சேலைக்குக் கரை கிடைக்குமா என்று கூட வந்தவர்கள் பேசுவோம். பனை நிற்கும், தாழம்புதர் நிற்கும், மணலில் அடம்புக்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். இராவணன் மீசை என்கிற முள்புல் உருண்டையாய்க் காற்றில் உருண்டு போகும். இந்தக் கொடியும் புல்லும்தான் மணல் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு டைல்ஸ் பதித்து ‘அழகுபடுத்தினால்’ அடுத்து தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் மணல் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். மணல் மேடுகளைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் முதல் வகைப் பாதுகாப்பில் வைத்திருப்பது சும்மா இல்லை.

முட்டத்திலிருந்து மேற்கே நடந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரில் கடியப்பட்டினம். நான் சொல்ல வரும் நடை இதுதான். பாறை மேல் கொஞ்சம், மணலில் கொஞ்சம், ஊருக்குள் சந்து வழியாகக் கொஞ்சம். வழி புதிதாய் யாரும் போட வேண்டியதில்லை. சிப்பி எடுக்கப் போகிறவர்களும், தலையில் மீன் கூடையோடு அடுத்த ஊருக்குப் போகிற பெண்களும், சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடிக்குத் திரி கொளுத்தப் போகிறவர்களும் நடந்து நடந்து போட்ட தடம் இருக்கிறது. அதைத் தொடர்ந்து போனால் போதும்.

சிப்பி எடுப்பதை ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறையில் கொத்துக் கொத்தாய் ஒட்டியிருக்கும் பழுப்புச் சிப்பியை, மூச்சைப் பிடித்து முங்கி, கையிலிருக்கும் இரும்பால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். வந்ததும் மூச்சு விடும் சத்தம் கரை வரை கேட்கும். அலை பாறையில் அடித்துத் திரும்புகிற அந்தச் சின்ன இடைவெளிக்குள் இத்தனையும் நடக்கிறது. அந்தச் சிப்பியை வாங்கி வந்து தேங்காய் வறுத்தரைத்து வைத்து, மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட்டால் டாக்டர் சொன்னது எதுவும் நினைவுக்கு வராது.

அப்படிச் சிப்பி எடுக்கும் ஒரு பெரியவர்தான் எங்களுக்குப் பாறையில் நிற்கச் சொல்லிக்கொடுத்தார். எங்களில் ஒருத்தி போட்டோ எடுக்க முன்னால் போனாள். “எம்மா, அங்ஙன நிக்காதீங்க. கறுப்பா நனஞ்சி கெடக்குல்லா, அது கடலுக்க எடம். வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்க பாறையில நில்லுங்க” என்றார். அவ்வளவுதான் பாடம். பாறையில் உப்பு காய்ந்து வெளுத்திருந்தால் கொஞ்ச நேரமாக அலை அங்கே வரவில்லை என்று பொருள். கறுப்பாய் மினுங்கினால், இப்போது அலை இல்லாவிட்டாலும் சற்று முன்பு வந்து போயிருக்கிறது, இன்னும் வரும். பச்சைப் பாசி படிந்திருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். கூட இன்னொன்றும் சொன்னார். வந்தவுடன் இறங்காமல் கால்மணி நேரம் மேலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். சின்ன அலைகளாய் வந்துகொண்டே இருக்கும்போது நடுவே பெரிய அலைகள் கூட்டமாய் வரும், எது வரை ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டு அதற்கும் மேலே நிற்க வேண்டும். செல்ஃபி எடுக்கிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், கடலோர ஊர்க்காரர் யாரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது உங்கள் பத்திரிகையிலும் முதல் பக்கச் செய்தியாக வந்தது. அன்று புயல் இல்லை, மழை இல்லை. வந்தது கள்ளக்கடல். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எங்கோ அடிக்கும் புயல் எழுப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு நம் கரையில் வந்து எழும்பும். இங்கே வெயில் பளிச்சென்று அடிக்கும், காற்றுகூட இருக்காது. கடல் நன்றாகத்தானே இருக்கிறது என்று வெளியூர்ப் பிள்ளைகள் காலை நனைப்பார்கள். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை விடுகிறது. அந்த முறையும் எச்சரிக்கை வந்திருந்தது. அது மீனவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. காரில் வந்து இறங்கியவர்களுக்குச் சேரவில்லை.

சரி, நடைக்கு வருகிறேன். கடியப்பட்டினம் தாண்டினால் வள்ளியாறு கடலில் சேரும் பொழிமுகம். தண்ணீர் கூடுதலாய் இருக்கிற மாதங்களில் கரையோடு கடக்க முடியாது, சாலைக்கு ஏறிப் பாலம் வழியாகத்தான் போக வேண்டும். கடக்கலாம்போலத் தோன்றினாலும் உள்ளூர் ஆள் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குவதே நல்லது. அந்தப் பக்கம் சின்னவிளை, பெரியவிளை, மணவாளக்குறிச்சி. இங்கே மணலைக் குனிந்து பார்க்க வேண்டும். அலை போன பிறகு மணலில் கறுப்பாய் ஒரு வரி, அதை ஒட்டிக் கருஞ்சிவப்பாய் ஒரு வரி, அப்புறம் சாதாரண மணல். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். முட்டத்துப் பாறையில் பார்த்த அதே சிவப்புப் பொட்டுதான் அரைபட்டு இங்கே மணலாகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை ஓங்கி அடிக்கும்போது லேசான மணலை வாரிக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும். யாரும் சலித்துப் பிரித்து வைக்காமலே வரி வரியாய் இருப்பது அதனால்தான். இதில் தேன் நிறத்தில் மோனசைட்டும் உண்டு. தோரியம் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், மின்சாரம் பரவாத காலத்தில், ஐரோப்பாவின் கேஸ் விளக்கு மேண்டில்களுக்கு இந்த ஊர் மணல் கப்பலேறிப் போயிருக்கிறது. இப்போது மணல் ஆலை இருக்கிறது. அதன் நல்லது கெட்டது பற்றி ஊரில் இரண்டு பேர் கூடினால் மூன்று அபிப்பிராயம். அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

மண்டைக்காட்டில் பகவதி கோயிலிலிருந்து நேரே கடலுக்கு இறங்கலாம். மாசிக்கொடைத் திருவிழா சமயத்தில் நடக்க இடம் இருக்காது, மற்ற நாளில் கரை காலி. அதற்கப்பால் கொட்டில்பாடு, குளச்சல். 2004 டிசம்பர் 26 அன்று இந்த இரண்டு ஊரும் கொடுத்த உயிர்கள் எத்தனை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நடந்து போகிறவர்கள் அங்கே சத்தம் போட்டுப் பாட்டு வைக்காமல் போனால் மரியாதை. குளச்சலில் 1741ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்கு ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. சரணடைந்த டச்சு அதிகாரி டிலனாய் பிறகு அதே ராஜாவுக்குத் தளபதியாகி வட்டக்கோட்டையைச் சீர்ப்படுத்திக் கட்டினார். முட்டத்திலிருந்து குளச்சல் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பாதிக்கு மேல் நடந்துவிடலாம். முழுதும் நடக்க முடியாதவர்கள் கடியப்பட்டினத்தோடு பஸ் பிடிக்கலாம்.

குளச்சலுக்கு மேற்கே நடையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பல இடத்தில் கரையே இல்லை, கல் சுவர்தான் இருக்கிறது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு ஒன்று போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், அடுத்த ஊரில் அரிக்கும், அந்த ஊருக்கும் ஒன்று கேட்பார்கள். வீட்டுக்குள் கடல் வருகிறவர்களிடம் போய் இயற்கை அழகு பேச எனக்கு வாய் வராது. தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறை தாமிரபரணி கடலில் சேரும் இடத்தை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கிழக்கே என்றால் மணக்குடி. பழையாறு கடலில் சேரும் காயல், ஓரத்தில் அலையாத்தி மரங்கள், வலசைப் பறவைகள். சுனாமி பாலத்தையே தூக்கி எறிந்த இடம். அங்கிருந்து மேற்கே சொத்தவிளை வரை மணல்தான், பாறை பிடிக்காதவர்களுக்கு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது போதும். முனையைத் தாண்டி வடகிழக்கே வட்டக்கோட்டை. கோட்டைச் சுவர் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் காற்றாலைகளும். சுவருக்குக் கீழே கறுப்பு மணல். கன்னியாகுமரியிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான், உங்கள் கட்டுரையில் அதற்கும் ஒரு வரி இல்லை.

இப்போது எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். முட்டத்துக்கும் ஒரு கண்ணாடிப் பாலம், ஒரு ரோப் கார், பாறை மேல் ஒரு ‘செல்ஃபி பாயிண்ட்’ என்று யாராவது கேட்டு எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கேரளத்தில் வர்க்கலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். செங்குத்துச் செம்பாறைக் கரையின் உச்சியில் அழகான நடைபாதை. அந்தப் பாறையை நாட்டின் புவியியல் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனாலும் விளிம்பு வரை ஓட்டலும் கடையும் நெருக்கி வந்துவிட்டன, பாறை அங்கங்கே சரிகிறது. நம் பாறை அதைவிடக் கெட்டி, உடைந்து விழாது என்பது உண்மைதான். ஆனால் அதன் மேல் கான்கிரீட் ஏறிவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

என் தங்கை மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே தென்மேற்குக் கரையை ஒட்டி 630 மைல் நடைபாதை இருக்கிறதாம். கடத்தல்காரர்களைக் கண்காணிக்க அந்தக் காலத்துக் காவலர்கள் நடந்த தடம்தான் அது. போன லீவில் அதில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வீடியோ அனுப்பினான். பிரமாதமாக ஏதோ கட்டி வைத்திருப்பார்கள் என்று நினைத்தால், ஒற்றையடிப் பாதை, மரக்கம்பம், கம்பத்தில் ஓக் மரக் காய் படம் ஒன்று. வழி தவறாமலிருக்க அது போதும். முட்டம் முதல் குளச்சல் வரை அப்படிச் சில கம்பங்களில் ஒரு சிப்பிப் படம் வரைந்து நட எத்தனை ரூபாய் ஆகும்?

அதோடு கழிப்பறை. பெண்கள் நடைக்கு வராததற்குப் பாதிக் காரணம் அதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பி, பத்து மணி வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் உண்டு. முட்டத்தில் ஒன்று, மணவாளக்குறிச்சிக் கரையில் ஒன்று, தண்ணீர் வருகிற கழிப்பறை. பராமரிப்பை அந்தந்த ஊர்ப் பெண்கள் குழுவிடம் சம்பளத்தோடு கொடுத்தால் பூட்டிக் கிடக்காது. அப்புறம் பஸ். சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் முட்டத்துக்கு ஆள் வருகிறார்கள். மறைந்து முடிந்ததும் நாகர்கோவிலுக்கு உறுதியாக ஒரு பஸ் இருக்க வேண்டும். ஒருநாள் வர வேண்டிய பஸ் வராமல், நாங்கள் ஸ்டாப்பில் நின்ற நிலையைப் பார்த்து ஒரு மீன்காரம்மா, “மக்களே, இஞ்ச நின்னா விடியும், வாங்க” என்று தன் மகனின் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர், “என்ன, இன்னைக்கு சாளையா, நெத்திலியா?” என்று கேட்டார்.

ஊர்க்காரர்களைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். நமக்கு அது கடற்கரை, அவர்களுக்கு அது முற்றம். வலை காய்வது அங்கேதான், பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். வலையை மிதித்துக்கொண்டு போவது, கருவாடு காயப்போடும் பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுப்பது, பாறை இடுக்கில் பாட்டிலை உடைத்துப் போடுவது, இவற்றையெல்லாம் அவர்கள் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதே பெரிது. சிப்பி எடுக்கிறவர் முங்கி எழுந்து வெறுங்காலோடுதான் அந்தப் பாறையில் ஏறுகிறார். நடக்க வருகிறவர்கள் சாயா குடிக்கவும் ரசவடை தின்னவும் உள்ளூர்க் கடைக்கே போனால் ஊருக்கும் நாலு காசு. ஒட்டுமொத்தமாக யாரோ ஒருவருக்குக் குத்தகை விட்டு, டிக்கெட் கவுண்டர் வைத்தால் ஊர்க்காரர்களும் வர மாட்டார்கள், நானும் போக மாட்டேன்.

கடைசியாக உங்களிடமே ஒரு கோரிக்கை. நம் பதிப்பில் தினமும் தங்கம் விலை போடுகிறீர்கள். அணைகளின் நீர்மட்டம், ராகுகாலம், சூரிய உதயம் மறைவு எல்லாம் போடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே கடலுக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள். இன்று அலை எவ்வளவு உயரம், கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டா, இல்லையா. இன்காய்ஸ் தினமும் வெளியிடும் தகவல்தான், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பாறைக்கு மேலே இருக்கும் சாயாக் கடையில் ஒட்டச் சொல்லும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஜூனில் கச்சான் தொடங்கி, மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிடும். விசைப்படகுகள் கரையில் நிற்கும், விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் மட்டும் கடலில் இறங்குவார்கள். அதற்கு முன் அந்த இரண்டு வரி வரத் தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோட்டாறு, நாகர்கோவில்.